வேப்பஞ்சருகைக் கொளுத்தாமல் தீர்த்த விதம்

வேலூரில் மாசி கடைசியில் வேப்பமரம் உதிர்க்க ஆரம்பித்தால் தினம் ஒரு சாக்குச் சருகு. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் தெருவில் தள்ளவும் கூடாது, கொளுத்தவும் கூடாது; தோட்டக் கழிவை நம் இடத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

மக்கி உரமாகட்டும் என்று வெறுமனே குவித்து வைத்தது 2 மாதமாகியும் அப்படியே கிடந்தது. இந்த ஊர் வெயிலில் ஈரம் நிற்காது, காய்ந்த சருகில் தழைச்சத்தும் போதாது. அதனால் 3 அடி அகல சிமெண்ட் உறை (கிணற்றுக்கு இறக்கும் வளையம்) ஒன்றை மர நிழலில், மண்தரையில் வைத்து அடியில் சுள்ளி பரப்பினேன். மேலே அரையடி சருகு, ஒரு வாளி சாணிக் கரைசல், ஒரு சட்டி தோட்டத்து மண். இப்படியே அடுக்கடுக்காக, மூடுவதற்கு நனைத்த சாக்கு.

15 நாளுக்கு ஒருமுறை கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியணும், ஒழுகக் கூடாது. நாறினால் தண்ணீர் அதிகம். காய்ந்த சருகு சேர்த்துக் கிளறினால் அடங்கும். எறும்பு ஏறினால் உள்ளே காய்ந்துவிட்டது.

தென்னை மட்டையைப் போடவே வேண்டாம், லேசில் மக்காது. பார்த்தீனியம் களைச்செடி பூக்கும் முன் என்றால் சரி (கையுறை போட்டுப் பிடுங்குங்கள், அரிக்கும்). பூத்ததைப் போட்டால் உரத்தோடு விதையும் தோட்டம் முழுக்கப் போகும்.