ஹேக்ஆர்எஃப் ஃபர்ம்வேர் ஏற்றும்போது 'பர்மிஷன் டினைட்' வந்தால்

ஹேக்ஆர்எஃப் ஒன் என்பது கணினியில் செருகி இயக்கும் ரேடியோ. லினக்ஸில் அதைச் செருகி, அதன் ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் மென்பொருளை) புதுப்பிக்கும் கமாண்டை அடித்து, 'பர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களா? உட்காருங்கள், அரை மணி நேர வேலைதான். கமாண்டுகளைப் பக்கத்தில் இருந்து வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: முன்னால் சூடோ போடு (ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தில் ஓட்டு), இல்லாவிட்டால் சிஎச்மாட் 777 அடி (எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடு). சூடோ போட்டால் ஃபர்ம்வேர் ஏறிவிடும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு ரேடியோ கேட்க ஜிக்யூஆர்எக்ஸ் என்ற நிரலைத் திறக்கும்போது அதே சுவரில்தான் முட்டிக்கொள்வீர்கள். அதையும் சூடோவில் ஓட்டினால் அது எழுதும் கோப்புகள் எல்லாம் ரூட் பெயரில் போய்விடும். அதற்கடுத்த நாள் அந்தக் கோப்புகளைத் திறக்க முடியாமல் புதிதாக ஒரு தகராறு. 777 அதைவிட மோசம்: சாவி தொலைந்ததென்று கதவையே பெயர்த்து எடுப்பது.

இங்கே இருப்பவை இரண்டு பூட்டுகள். ஒன்று உங்கள் வட்டில் இருக்கும் ஃபர்ம்வேர் கோப்பில். இன்னொன்று யூஎஸ்பி வழியாக வரும் ரேடியோவில். எது பூட்டியிருக்கிறது என்று தெரியாமல் சாவி தேடக் கூடாது.

படி 1: எந்தப் பூட்டு?

ரேடியோவைச் செருகி, ஹேக்ஆர்எஃப்_இன்ஃபோ என்று மட்டும் அடியுங்கள். இந்தக் கமாண்டுக்கு ஃபர்ம்வேர் கோப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சீரியல் எண்ணும் ஃபர்ம்வேர் பதிப்பும் வந்தால் ரேடியோப் பக்கம் திறந்திருக்கிறது, சிக்கல் கோப்பில். படி 2 போதும். 'ஆக்சஸ் டினைட்' என்று சொல்லிக் கடைசியில் -1000 காட்டினால் ரேடியோதான் பூட்டியிருக்கிறது. படி 3-க்குப் போங்கள். 'நோ ஹேக்ஆர்எஃப் போர்ட்ஸ் ஃபவுண்ட்' என்றோ, பழைய பதிப்பில் -5 என்றோ வந்தால் இரண்டும் இல்லை, ரேடியோவே கண்ணில் படவில்லை. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கும்.

படி 2: கோப்பின் பூட்டு

வெளியீட்டுத் தொகுப்பைப் பிரித்தால் ஃபர்ம்வேர்-பின் என்ற ஃபோல்டரில் ஹேக்ஆர்எஃப்_ஒன்_யூஎஸ்பி.பின் இருக்கும். அந்த ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் -எல் அடியுங்கள். வரியின் தொடக்கத்தில் அனுமதிகளைக் காட்டும் பத்து எழுத்து இடம். ஒரு கோடு, ஆர் (படிக்க), டபிள்யூ (எழுத), பிறகு ஏழு கோடுகள், அதையடுத்து ரூட் ரூட் என்று இருந்தால், ரூட்டைத் தவிர யாராலும் அதைப் படிக்க முடியாது.

அது எப்படி ரூட் பெயருக்குப் போனது? நீங்கள்தான் அனுப்பியிருப்பீர்கள். நானும் அனுப்பியிருக்கிறேன். பழக்கதோஷத்தில் தொகுப்பைச் சூடோ போட்டுப் பிரித்துவிட்டு, ரேடியோ பழுது என்று ஒரு மாலை முழுக்க யூஎஸ்பி போர்ட்டை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

தீர்வு இரண்டே வரி. உரிமையாளரை மாற்ற: சூடோ சிஎச்ஓன், அடுத்து உங்கள் பயனர் பெயர், அடுத்து கோப்பின் பெயர். அப்புறம் சிஎச்மாட் 644, அடுத்து கோப்பின் பெயர். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பது கணக்கு. ஆக 6 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம். மற்ற இரண்டு 4-ம் குழுவுக்கும் ஊராருக்கும் படிக்க மட்டும். ஃபர்ம்வேர் கோப்பை நாம் இயக்கப் போவதில்லை, ரேடியோவுக்குள் நகலெடுக்கத்தான் போகிறோம். அதனால் 1 எங்கேயும் வேண்டாம்.

கோப்பு சரியாக இருந்தும் மறுக்கிறதா? மேலே உள்ள ஃபோல்டர்களில் ஒன்று மூடியிருக்கும். நேம்ஐ -எல் என்று அடித்து முழுப் பாதையையும் கொடுத்தால், ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். ஃபோல்டரைக் கடக்க எக்ஸ் (இயக்கும் அனுமதி) வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் அடைப்பு. பென் டிரைவில் வைத்திருந்தால் இன்னொரு கதை: ஃபேட் என்ற வட்டு வடிவில் இந்த அனுமதிகளைச் சேமிக்க இடமே கிடையாது, சிஎச்மாட் அடித்தும் பயனில்லை. கோப்பை உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து வேலையைத் தொடருங்கள்.

படி 3: ரேடியோவின் பூட்டு

எல்எஸ்யூஎஸ்பி அடித்தால் 1டி50:6089 என்ற எண்ணோடு ரேடியோ தெரியும். தெரிகிறதே, பிறகு ஏன் திறக்கவில்லை? பட்டியலில் பார்க்க எழுதும் அனுமதி தேவையில்லை. ஃபர்ம்வேர் ஏற்ற அது தேவை. லினக்ஸில் ரேடியோவும் ஒரு கோப்புதான். பஸ் 001, டிவைஸ் 007 என்று வந்தால் டெவ், பஸ், யூஎஸ்பி ஃபோல்டர்களுக்குள் 001/007 என்று அது உட்கார்ந்திருக்கும். எல்எஸ் -எல் அடித்தால், விதி எதுவும் இல்லாதபோது உரிமையாளர் ரூட். ஊராருக்கு ஆர் மட்டும்.

அதை நேரடியாகச் சிஎச்மாட் செய்யாதீர்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் புது எண்ணில் புதுக் கோப்பு பிறக்கும், நீங்கள் மாற்றியது போச்சு. நிலையாக மாற்றுவது யூடெவ் விதி (செருகும் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும் லினக்ஸ் பகுதிதான் யூடெவ்). மூலநிரல் தொகுப்பில், ஹோஸ்ட் ஃபோல்டரின் உள்ளே லிப்ஹேக்ஆர்எஃப் ஃபோல்டரில் 53-ஹேக்ஆர்எஃப்.ரூல்ஸ் என்று தயாராகவே இருக்கிறது. சூடோ போட்டு அதை இடிசி, யூடெவ், ரூல்ஸ்.டி ஃபோல்டருக்கு நகலெடுங்கள். இந்த இடத்தில் சூடோ நியாயம்.

நீங்களே கையால் எழுதுவதானால் மூன்றைக் கவனியுங்கள். 1டி50 எண்ணில் உள்ள 'டி' சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். ஒப்பிடும் இடத்தில் சமக்குறி இரண்டு. ஒன்றே போட்டால் ஒப்பிடாமல் மதிப்பை மாற்றப் பார்க்கும். கோப்பின் பெயர் .ரூல்ஸ் என்று முடிய வேண்டும். எடிட்டர் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிவிட்டால் யூடெவ் திரும்பியும் பார்க்காது.

அந்த விதி ரேடியோவை பிளக்டெவ் என்ற பயனர் குழுவிடம் ஒப்படைக்கிறது. அந்தக் குழுவில் நீங்கள் இருக்க வேண்டும்: சூடோ யூசர்மாட் -ஏஜி பிளக்டெவ், அடுத்து உங்கள் பெயர். சின்ன 'ஏ'-வை விட்டுவிடாதீர்கள்; விட்டால் மற்றக் குழுக்களிலிருந்து உங்களை நீக்கிவிடும், சூடோ குழு உட்பட. பிறகு சூடோ யூடெவ்ஏடிஎம் கன்ட்ரோல் --ரீலோட்-ரூல்ஸ் அடித்து, ரேடியோவைக் கழற்றிச் செருகுங்கள். லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். பழைய செஷனுக்குப் புதுக் குழு தெரியாது. ஐடி என்று அடித்து, பிளக்டெவ் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: ஏற்றுதல்

சூடோ இல்லாமல் ஹேக்ஆர்எஃப்_எஸ்பிஐஃப்ளாஷ் -டபிள்யூ, அடுத்து கோப்பின் பெயர். முடியும்வரை கேபிளைத் தொடாதீர்கள்.

பாதியில் அறுந்து ரேடியோ உயிரில்லாமல் கிடந்தால் பயப்பட வேண்டாம். ரேடியோவில் உள்ள டிஎஃப்யூ (ஃபர்ம்வேர் ஏற்றும் நிலை) பொத்தானை அழுத்தியபடியே கேபிளைச் செருகி, 3வி3 விளக்கு எரிந்ததும் விடுங்கள். இங்கேதான் பலர் இரண்டாம் முறை அனுமதிச் சிக்கலில் விழுகிறார்கள். அந்த நிலையில் பேசுவது உள்ளே இருக்கும் என்எக்ஸ்பி சிப். அதன் எண் 1எஃப்சி9:000சி. 1டி50-க்கு மட்டும் விதி எழுதியிருந்தால் அது இதற்குப் பொருந்தாது. தொகுப்பில் வரும் விதிக் கோப்பில் இதற்கும் ஒரு வரி உண்டு. கையால் எழுதியவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஎஃப்யூ-யூட்டில் என்ற கமாண்டு வழியாக .டிஎஃப்யூ கோப்பை அனுப்பியதும் ரேடியோ விழித்துக்கொள்ளும். ஆனால் அது ரேமில் மட்டும் ஓடுகிறது. அதே மூச்சில் எஸ்பிஐஃப்ளாஷ் கமாண்டை மறுபடி ஓட்டினால்தான் ஃபர்ம்வேர் நிலைக்கும்.

ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு ஹேக்ஆர்எஃப்_இன்ஃபோ அடியுங்கள். 2024.02.1 ஏற்றியிருந்தால் அந்த எண்ணே வர வேண்டும். பழைய எண் வந்தால், ரீசெட் அழுத்த மறந்திருக்கிறீர்கள்.