ஓவர்டிரைவ் பெடல்: டோன் போர்டைப் பார்த்துக் கட்டினால் வரும் தவறுகள்

சேலத்தில் ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்பவர்களின் டப்பாவில் 4558 ஐசி எப்போதும் கிடக்கும். சிக்னலைப் பெருக்கும் ஐசி அது, பாஸ்-டிரெபிள் கூட்டிக் குறைக்கும் டோன் போர்டுகளில் காலங்காலமாக ஓடுவது. கிதார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலான ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் 808-க்குள்ளும் இதே 4558தான். அதனால் பெடல் கட்ட ஆசைப்படுபவர்கள் பழகிய டோன் போர்டு இணைப்பையே எடுத்து, டயோடு இரண்டைச் சேர்த்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறார்கள். சத்தம் அறுந்து அறுந்து வருகிறது. ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த பெடலும் அப்படித்தான் இருந்தது. ஐசி போலி என்று நினைத்து மூன்று முறை மாற்றியிருந்தார். குற்றம் ஐசி மேல் இல்லை.

டோன் போர்டு பெரும்பாலும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும். நடுவில் கிரவுண்ட், மேலே பிளஸ், கீழே மைனஸ். சிக்னல் இரு பக்கமும் ஆட இடம் உண்டு. ஒற்றை பேட்டரியில் கிரவுண்டுதான் தரை. அதற்குக் கீழே போக வழியில்லாமல் அலையில் பாதி தொலைந்துவிடும். அதனால் 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் இரண்டைப் பேட்டரியின் குறுக்கே தொடராகப் போட்டு, நடுவில் வரும் 4.5 வோல்ட்டை 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரால் நிலைப்படுத்தி, 1 மெக் (10 லட்சம் ஓம்) ரெசிஸ்டர் வழியாக, சிக்னல் நுழையும் ஐசியின் 3-ம் காலுக்குக் கொடுங்கள். 1 மெக்குக்குப் பதில் 47 கே போட்டால் கிதார் பிக்கப்பின் டிரெபிள் மங்கிவிடும். கிதார் ஒயருக்கும் இந்தக் காலுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் 2-ம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 4.7 கே ரெசிஸ்டர். அதோடு தொடராக 0.047 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. அவுட்புட்டான 1-ம் காலுக்கும் 2-ம் காலுக்கும் நடுவே வரும் 51 கே-யும் 500 கே டிரைவ் கண்ட்ரோலும் சேர்ந்தால் பெருக்கம் சுமார் 118 மடங்கு. கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அந்த 4.5 வோல்ட்டையும் ஐசி பெருக்கப் பார்க்கும், அவுட்புட் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்து, தடித்த கம்பிகளின் சத்தம் கொழகொழவென்று ஆகாமல் காப்பதும் இதே கெப்பாசிட்டர்தான். என்னைக் கேட்டால் பெடலின் குரலே இதில்தான் இருக்கிறது. டயோடு மாற்றிப் பார்க்கும் முன் இதன் மதிப்பை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

டயோடுகள் இரண்டும் அதே 1, 2-ம் கால்களுக்கு நடுவே எதிரெதிர்த் திசையில் இருக்கட்டும். சாதாரண 1என்4148 போதும்.

பற்றவைப்பதில் ஒரே பேச்சு: ஈயத்தை உருக்கி மேலே சொட்டவிடாதீர்கள். நம் ஊர்க் கொலுசுப் பட்டறையில் வெள்ளியைச் சூடாக்குவார்கள், பற்று தானாக இடுக்கில் ஓடும். இங்கேயும் தாமிரத் தடத்தையும் காலையும் முதலில் சூடாக்குங்கள்.

பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை அப்படியே உள்ளே விடும். அலுமினியப் பெட்டி நல்லது. ஆனால் அதில் சாதாரண ஈயம் ஒட்டாது. ஜாக்கின் நட்டு உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு இறுக்கினாலே கிரவுண்ட் கிடைத்துவிடும்.

கிதாரைச் சொருகும் முன் மீட்டரை எடுங்கள். 8-ம் காலில் 9, 4-ல் பூஜ்யம், 1-ல் 4.5 வோல்ட் அளவில் இருந்தால் சரி. 3-ம் காலில் 4.1 காட்டினால் பயப்பட வேண்டாம். 1 மெக் வழியாக மீட்டரும் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுப்பதால் வரும் குறைவு அது.