தோட்ட ஆபீஸுக்கு ராணுவச் சட்டம் எதற்கு? பாதுகாப்பு மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினிப் பாதுகாப்பு படித்த பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது பெல்–லபடுலா மாதிரியைத்தான், அதாவது யார் எதைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்று வகுக்கும் விதித்தொகுப்பு ஒன்றை. பாடத்தில் முதலில் வருவது அதுதானே! தவறும் அங்கேயே தொடங்குகிறது.

1973-இல் அமெரிக்க விமானப்படைக்காக மைட்டர் நிறுவனத்தில் உருவானது அது. ரகசியம் கசியக்கூடாது என்பதே அதன் கவலை. ஆட்களுக்கும் கோப்புகளுக்கும் ரகசிய மட்டங்கள் உண்டு. கீழ்மட்டத்தில் இருப்பவர் மேல்மட்டக் கோப்பைப் படிக்கக்கூடாது. மேல்மட்டத்தில் இருப்பவர் கீழ்மட்டக் கோப்பில் எழுதக்கூடாது. கீழிருந்து மேலே எழுதுவதை இந்த மட்ட விதிகள் தடுப்பதில்லை. மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்), தான் படிக்கவே முடியாத மேனேஜர் கோப்பில் எதையாவது எழுதிவைத்தாலும் குற்றமில்லை! தோட்டத்தில் சண்டை வருவது ரகசியத்தால் அல்லவே, வெட்டிய பழக்குலைகளின் எண்ணிக்கையை யார் திருத்தினார் என்பதில்தான்.

அதற்குப் பொருந்துவது, 1987-இல் கிளார்க்கும் வில்சனும் வணிகக் கணக்குகளை மனத்தில் வைத்து எழுதிய மாதிரி. அங்கீகரித்த நடைமுறை வழியாக மட்டுமே பதிவைத் தொடலாம். ஒரே ஆள் முழு வேலையையும் முடிக்கக்கூடாது. மண்டோர் குலை எண்ணிப் பதிகிறார். ஆலையின் எடைச்சீட்டு தனியாக வருகிறது. கிராணி (ஆபீஸ் கணக்கர்) இரண்டையும் ஒப்பிட்டுச் சம்பளத்தில் ஏற்றுகிறார், ஒப்புதல் இன்னொருவருடையது. 412 குலை 421 என்று பதிவாகிவிட்டால், பழைய எண்ணை அழிக்க வழியே இருக்கக்கூடாது. ஒன்பதைக் கழிக்கும் தனிப் பதிவு வேண்டும், யார், எப்போது, ஏன் என்ற விவரத்தோடு. “ஆள் பத்தாது, கிராணியே ஒப்புதலும் கொடுக்கட்டும்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு ஆள் இல்லையென்றால் மேனேஜரே உட்கார்ந்து பார்க்கட்டும்.

பெல்–லபடுலாவோடு, பதிவின் நம்பகத்தைக் காக்கும் பீபா மாதிரியையும் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே மட்டங்களை வைப்பவர்களும் உண்டு. பீபாவின் விதிகள் அப்படியே தலைகீழ். இரண்டும் சேர்ந்தால் மட்டம் விட்டு மட்டம் ஓர் எழுத்துகூட நகராது. மண்டோர் பதிந்ததைக் கிராணி பார்க்கவே முடியாது. ரகசியத்துக்கு ஒரு முத்திரை, நம்பகத்துக்கு வேறொரு முத்திரை என்று பிரித்துவிடுங்கள்.

மாதிரி பாதுகாப்பானது என்று கணிதத்தில் நிரூபித்தாயிற்று என்ற தெம்பு இன்னும் ஆபத்து. 1980களில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜான் மெக்லீன் ‘சிஸ்டம் இசட்’ என்ற கற்பனை அமைப்பைக் காட்டினார். யார் எதைக் கேட்டாலும், எல்லோரையும் எல்லாக் கோப்புகளையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, கேட்டதைக் கொடுத்துவிடும். பெல்–லபடுலா தேற்றத்தின்படி அதுவும் பாதுகாப்பானதே! மட்டத்தை யார் மாற்றலாம் என்பதற்கு விதி இல்லாததுதான் ஓட்டை. உங்கள் மென்பொருளிலும் பயனரின் பொறுப்பை மாற்றும் பக்கம் ஒன்று இருக்குமே, அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதை மாதிரியிலேயே எழுதிவிடுங்கள்.