உங்கள் மூக்குக்கு ஏற்ற சவரச் சோப்பைக் கண்டறிவது எப்படி?

பிரஷ்ஷும் கிண்ணமும் கொண்டு நுரை எழுப்பிச் சவரம் செய்யும் பழைய முறைக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் மனமாரப் புகழ்கிற அதே சோப்பை இன்னொருவர் வீட்டுக்குள் வைத்திருக்கவே முடியவில்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். இந்த வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால், பிறர் கருத்தில் எதை எடுத்துக்கொள்வது, எதை நாமே சோதித்துப் பார்ப்பது என்பது தெளிவாகிவிடும். பல ஆண்டுகளாக இவ்வகைச் சோப்புகளைப் பயன்படுத்தியும், நண்பர்களுக்குச் சீவிக் கொடுத்து அவர்கள் சொன்னதைக் கேட்டும் நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூக்கைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். மணத்தை உணரும் ஏற்பிகள் மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை உள்ளன. அவற்றை உருவாக்கும் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்து வெளியிட்ட லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. வயலட் பூவின் மணத்துக்குக் காரணமான பீட்டா அயோனோன் என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரேயொரு ஏற்பியின் மரபணுவில் உள்ள சிறு மாற்றத்தால், சிலர் அதை மிகக் குறைந்த அளவிலேயே பூமணமாக உணர்கிறார்கள்; மற்றவர்களுக்கு அது எட்டுவதே இல்லை, எட்டினாலும் புளித்த காடி போன்ற நெடியாகத் தெரிகிறது. லண்டனில் 1875 முதல் இயங்கிவரும் ஜியோ. எஃப். டிரம்பர் கடையின் வயலட் சோப்பைப் பற்றி இருவர் நேர்மாறாகப் பேசினால், அது ரசனையின் சண்டையாக இருக்கவேண்டும் என்பதில்லை. இருவரும் முகர்ந்ததே வேறாக இருக்கலாம். கஸ்தூரி மணத்துக்காகச் சேர்க்கப்படும் செயற்கைப் பொருள்களிலும் இதே நிலைதான்: சிலருக்கு அவற்றுள் ஒன்று மட்டும் அறவே தெரியாது. ஆகவே ஒரு சோப்பு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், "பிடிக்கவில்லை" என்கிறீர்களா, "மணமே தெரியவில்லை" என்கிறீர்களா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிடிக்காதது சில வாரங்களில் பிடித்துப்போகக்கூடும். தெரியாத மணத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை.

பிறவியில் வந்த மூக்கைவிடப் பெரிய காரணம் நினைவு. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து மார்ட்டெல்லி குடும்பத்தார் தயாரிக்கும் புரோராசோவின் பச்சை நிறச் சோப்பில் யூகலிப்டஸும் மெந்தாலும் முன்னால் நிற்கும். இத்தாலியருக்கு அது முடிதிருத்தகத்தின் மணம். நான் அதை முதன்முறை குழைத்தது ஒரு மார்கழி விடியற்காலையில். கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்த கணத்தில், சளி பிடித்த என்னை அம்மா உட்காரவைத்து, கொதிநீரில் நீலகிரித் தைலம் நான்கு சொட்டு விட்டு, கம்பளியால் தலையோடு மூடி ஆவி பிடிக்கச் சொன்ன நாள்கள் அப்படியே வந்து நின்றன. எனக்கு அது ஆறுதலான மணம். என் நண்பர் ஒருவருக்கோ அதே மணம் காய்ச்சலும் கசாயமுமாகக் கழிந்த ஒரு நீண்ட பள்ளி விடுமுறையை நினைவூட்டியது. இரண்டாம் நாளே டப்பாவைத் திருப்பித் தந்துவிட்டார். மணம் பற்றிய செய்தி மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு மற்றப் புலன்களின் செய்தியைக் காட்டிலும் நேர்வழியில் போய்ச் சேர்கிறது என்பதால், இத்தகைய முடிவுகள் யோசிப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

எனவே ஒரு சோப்பைப் பற்றிய கருத்தைப் படிக்கும்போது, எழுதியவர் எந்த ஊரில் எந்தக் காலத்தில் வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மிலானில் 1899-இல் தொடங்கிய செல்லா நிறுவனத்தின் சோப்பு கசப்பு வாதுமையின் மணம் உடையது. இத்தாலியில் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்திய கொக்கொயினா என்ற ஒட்டுப்பசைக்கும் வாதுமை மணம்தான் என்பதால், அங்குள்ளவர்களில் பலருக்கு அது வகுப்பறையை நினைவூட்டும். நமக்கோ பாதாம் எசன்ஸ் விட்ட பால்தான் நினைவுக்கு வரும். துருக்கியின் ஆர்கோ சோப்புக் குச்சியில் எலுமிச்சைப்புல் சார்ந்த ஒரு கூர்மையான மணம் இருக்கிறது. அதைத் தூய்மையின் மணமாகக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, பொதுக் கழிப்பறையில் போடும் மணக்கட்டியை நினைத்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஜெர்மனியில் 1959-இல் வந்த டபாக் ஒரிஜினலின் பெயருக்குப் புகையிலை என்று பொருள். மணமோ பூவும் பவுடரும் கலந்தது. அதைத் தாத்தாவின் மணம் என்று சொல்பவர்கள் பாசத்தோடும் சொல்வார்கள், பழசு என்ற ஒதுக்கலோடும் சொல்வார்கள். விண்டர்கிரீன் மணம் அமெரிக்கருக்கு மிட்டாய், ஆங்கிலேயருக்குக் களிம்பு, நமக்கு முதுகுவலித் தைலம். இவ்வாறு அவரவர் நினைவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கருத்துரைகளில் பயனுள்ள செய்தி கணிசமாக மிஞ்சும்: மணம் பலமானதா மென்மையானதா, சவரத்துக்குப் பின் எவ்வளவு நேரம் நிற்கிறது, நுரையில் மாறுகிறதா என்பவை அவை. இவற்றை நம்பலாம்.

தமிழ் வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது சந்தனம். கல்லில் உரைத்த சந்தனத்தையும் கோயிலில் கையில் வைக்கும் சந்தனத்தையும் அறிந்த மூக்கு, மேலை நாட்டுச் சோப்பின் உறையில் சந்தனம் என்ற சொல்லைப் பார்த்தவுடன் அந்தப் பாலும் குளிர்ச்சியும் கலந்த மணத்தையே எதிர்பார்க்கும். ஆங்கிலேய வாசனை மரபில் அச்சொல் பெரும்பாலும் ஒரு கலவையைக் குறிக்கிறது; லாவெண்டரும் காரமான மசாலா மணங்களும் கஸ்தூரியும் சேர்ந்து, அடியில் மரமணம் மெலிதாக நிற்கும். அது குறையுள்ள சோப்பு அன்று, வேறொரு மரபின் சோப்பு. எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டு முகர்ந்தால் அதன் அழகு தெரியவரும். இதற்கு மறுபுறமாக, நமக்கு எந்த நினைவும் இல்லாத மணங்களும் உண்டு. லாவெண்டர், ஓக் மரப்பாசி, காய்ந்த புல்லின் மணம் தரும் கூமரின் ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்ட ஃபூஜேர் வகை, 1882-இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ருவாயல் என்ற வாசனைத் திரவியத்திலிருந்து பெயர் பெற்றது; ஆண்களுக்கான சவரப் பொருள்களில் இன்றும் அதன் சாயலே மிகுதி. இவ்வகைக்கு நான் எப்போதும் கூடுதலாக ஒரு வாரம் தருவேன், பழகப் பழகவே அது பிடிபடும்.

இனிச் சோதிக்கும் முறைக்கு வருவோம். முழு வில்லையை வாங்கிவிடாதீர்கள். ஒரு சவரத்துக்கு ஒன்றிரண்டு கிராம் சோப்பு போதும் என்பதால், ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரிடம் பத்து கிராம் கேட்டு வாங்கினால் ஒரு வாரம் ஓடும். காய்கறித் துருவியில் சீவி, மூடியுள்ள சிறு டப்பாவில் அழுத்தி வைத்துக்கொள்ளலாம். அந்தத் துருவியைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாமல் தனியாக வைத்துவிடுவது நல்லது. சீவலைக் கைமாற்றிக்கொள்ளும் முன், பழைய பாணிச் சோப்புகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு இருப்பதையும் உறையில் அது சோடியம் டாலோவேட் என்று குறிக்கப்படுவதையும் நினைவில் வையுங்கள்; சில வீடுகளில் மணத்துக்கு முன்பே அந்தக் கேள்வி எழும்.

காய்ந்த வில்லையை முகர்ந்து முடிவு செய்வதுதான் மிகப் பரவலான பிழை. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற விரைந்து ஆவியாகும் மணங்கள்; அவை முதலில் வந்து முதலில் போய்விடும். வெந்நீர் பட்டு, பிரஷ் சுழன்று, நுரையில் காற்றுக் கலந்த பிறகே மரமும் பூவும் பவுடரும் மேலே வருகின்றன. டப்பாவில் அதட்டுகிற சோப்பு முகத்தில் அடங்கிவிடுவதும், டப்பாவில் ஒன்றுமே இல்லாதது போலிருந்த சோப்பு நுரையில் மலர்வதும் உண்டு. ஆகவே மூன்று இடங்களில் முகருங்கள்: காய்ந்த நிலையில், கிண்ணத்தில் நுரை எழும்போது, முகத்தைக் கழுவித் துடைத்த பத்து நிமிடத்துக்குப் பின். மூன்றாவதுதான் உங்களோடு அலுவலகத்துக்கு வரப்போகிற மணம்.

ஒரு நாளில் ஒரு சோப்புதான். நான்கைந்து வில்லைகளை வரிசையாக முகர்ந்தால் மூக்கு களைத்துப்போய் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். இடையில் காப்பிக் கொட்டையை முகரச் சொல்வார்கள். வெறும் காற்றைவிட அது கூடுதலாக எதுவும் செய்வதில்லை. இரண்டு நிமிடம் வாசலில் நின்றுவிட்டு வந்தாலே போதும். வாசனைச் சோப்பில் குளித்த உடனும், ஊதுவத்தி ஏற்றிய அறையிலும் சோதிக்க வேண்டாம். மெந்தால் கலந்த சோப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதன் குளிர்ச்சி மணம் அன்று, முகத்தில் தொடுதலையும் வலியையும் உணரும் நரம்பின் வழியே வருகிற உணர்வு. சித்திரை வெயிலில் அதற்காகவே ஒரு சோப்பைப் போற்றுகிறவர், அந்தக் குளிர்ச்சி எரிச்சலாகத் தோன்றும் பனிநாளில் அதன் மணத்தையும் சேர்த்து வெறுத்துவிடுவார். இரண்டையும் தனித்தனியே மதிப்பிடுங்கள்.

பெயரும் உறையும் மூக்கை எளிதில் ஏமாற்றும். ஐசோவேலரிக் அமிலமும் பியூட்ரிக் அமிலமும் கலந்த ஒரே கலவையைப் பாலாடைக்கட்டி என்று சொல்லிக் கொடுத்தபோது விரும்பியவர்கள், வாந்தி என்று சொல்லிக் கொடுத்தபோது அருவருத்தார்கள் என்பது ரேச்சல் ஹெர்ஸ் என்ற உளவியலாளர் பங்கேற்ற ஆய்வில் வெளிப்பட்டது. எனவே முடிந்தால் வீட்டிலுள்ள ஒருவரைக் கொண்டு டப்பாக்களில் எண் மட்டும் எழுதவைத்துச் சோதியுங்கள். மிகவும் விலையுயர்ந்தது என்று நான் நினைத்து மதிப்பெண் போட்டது, மளிகைக் கடையில் கிடைக்கும் சோப்பாக இருந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்றிலிருந்து விலையைப் பார்க்கும் முன் முகர்கிறேன்.

முகர்ந்ததை அன்றன்றே எழுதி வையுங்கள். மணம் நினைவைக் கிளறுமே தவிர, மணத்தை நினைவிலிருந்து வரவழைப்பது கடினம். எழுதுவதற்குத் தமிழ் அருமையான மொழி. மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம், மக்கல், காந்தல், பச்சை வாடை என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு தரத்தையும் பலத்தையும் குறிக்கிறது. நாற்றம் என்ற சொல்லே பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் அடுத்த மாதம் அதில் ஒன்றும் விளங்காது. "டப்பாவில் நெடி, நுரையில் ரோஜா, துடைத்தபின் காய்ந்த துணியின் மணம்" என்று எழுதினால் அடுத்து எதை வாங்கலாம் என்பதற்கு அதுவே வழிகாட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தோல். மூக்கு ஏற்றுக்கொண்டதைத் தோல் மறுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு சோப்பு, மூன்றாம் வாரம் தாடையோரம் சிவந்து அரிக்கத் தொடங்கியதும் கைவிடப்பட்டது. அது பிளேடின் குற்றம் என்று நம்பி நான் மேலும் பத்து நாள் தொடர்ந்ததுதான் தவறு. வாசனைப் பொருளுக்கான ஒவ்வாமை பல முறை பட்ட பிறகே வெளிப்படக்கூடும் என்பதால், ஒரு நாள் சோதனை போதாது. முழங்கையின் உள்மடிப்பில் நாள்தோறும் இருமுறை நுரையைத் தடவி, சவரத்துக்கு ஆகும் நேரம் வைத்திருந்து கழுவுங்கள். ஏழு முதல் பத்து நாள்வரை இப்படிச் செய்து பார்ப்பதே சரியான முறை. சிவப்போ அரிப்போ கண்டால் நிறுத்திவிட்டு, அது தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஐரோப்பாவில் கழுவிவிடும் பொருள்களில், குறிப்பிட்ட 26 வாசனைப் பொருள்கள் 0.01 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் உறையில் பெயர் அச்சிடவேண்டும் என்ற விதி நெடுநாளாக இருந்துவருகிறது. 2023-இல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டியது. லிமோனீன், லினலூல், ஜெரானியால், யூஜெனால், கூமரின் ஆகிய பெயர்களை அங்கே காணலாம். ஒத்துக்கொள்ளாத சோப்புகளின் உறைகளை எறியாமல் வைத்து ஒப்பிட்டால், எல்லாவற்றிலும் வரும் பெயர் எது என்பது பிடிபடும். லிமோனீனும் லினலூலும் காற்றுப்பட்டுப் பழசாகும்போதுதான் ஒவ்வாமையை மிகுதியாகத் தூண்டுகின்றன. அதனால் வில்லையைச் சவரத்துக்குப் பின் காயவிட்டு, காய்ந்ததும் மூடிவைப்பது மணத்துக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது. ஓக் மரப்பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடைசெய்தது. லிலியால் என்ற பூமணப் பொருள் 2022 மார்ச் முதல் தடைசெய்யப்பட்டது. அத்தகைய பொருள்களைச் சார்ந்திருந்த கலவைகள் மாற்றி அமைக்கப்பட்டன என்பதால், பத்தாண்டுக்கு முன் ஒருவர் எழுதிய புகழுரை இன்று கடையில் இருக்கும் சோப்புக்குப் பொருந்தாமல் போகலாம். தேதியைப் பார்த்துப் படியுங்கள்.

குளியலறையைப் பகிர்ந்துகொள்கிறவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். கருவுற்ற பெண்களில் பலருக்குச் சில மணங்கள் தாங்கமுடியாதவை ஆகிவிடும். அந்த மாதங்களில் மணமே சேர்க்காத சோப்பு ஒன்றை வைத்துக்கொள்வதுதான் அன்பான செயல். கொரோனா போன்ற தொற்றுக்குப் பின் மணங்கள் திரிந்து தெரிகிறவர்களும் உண்டு. காப்பியும் வெங்காயமும் கருகிய வாடையாகத் தெரியும் நிலையில் சோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மூக்கு சீராகச் சில மாதங்கள் ஆகலாம்.

பிடிக்காத சோப்பை உடனே எறிந்துவிட வேண்டாம். மூடி எடுத்துவைத்து, ஆறு மாதம் கழித்து வேறொரு பருவத்தில் திறந்து பாருங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் யாருக்கு ஒத்துவரும் என்று யோசித்துக் கொடுத்துவிடலாம். எனக்குத் தலைவலி தந்த ஒரு ரோஜாச் சோப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் நுரையை விரலில் எடுத்து முகர்ந்துவிட்டு, "கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்குடா" என்றார். வில்லை தேய்ந்து காகிதக் கனமாகும்வரை வைத்திருந்து, சென்ற வாரம் இன்னொன்று வாங்கித்தரச் சொல்லியிருக்கிறார்.