பெங்களூரில் மீன் தொட்டி: தவறு எங்கே நடக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் மீன் தொட்டி தலைகீழாகத்தான் தொடங்குகிறது. முதலில் ஒரு மீன் கண்ணில் பட்டு மனதுக்குப் பிடித்துப்போகிறது. அந்த மீனுக்காக ஒரு தொட்டி, தொட்டிக்காகக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஃபில்டர், கடைசியாகக் குழாயைத் திறந்து தண்ணீர். எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். இரண்டாவது வாரம் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும்போது, "வீட்டுக்கு வர இருந்த கண்டம் மீனோட போச்சு" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அம்மோனியா மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் தண்ணீர், அப்புறம் ஃபில்டர், கடைசியில் மீன். எந்த ஊருக்கும் இது பொருந்தும்தான். ஆனால் பெங்களூரில் ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு நாலு விதத் தண்ணீர் வருவதால், பக்கத்து வீட்டில் நன்றாக வாழும் மீன் நம் வீட்டில் வாடுவதற்கு இங்கே வாய்ப்பு அதிகம்.

உங்கள் சம்ப்பில் என்ன இருக்கிறது?

அல்சூர், ஃபிரேசர் டவுன் மாதிரிப் பழைய பகுதிகளில் காவிரி வருகிறது. சர்ஜாப்பூர் ரோடு, வைட்ஃபீல்டு பக்கத்து அடுக்ககங்களில் பல காலமாகப் போர்வெல்லும் டேங்கரும்தான். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியதிலிருந்து, நகரத்தோடு பின்னால் சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்கும் காவிரி வரத் தொடங்கியிருக்கிறது. வந்தாலும் சம்ப்பில் காவிரி, போர், டேங்கர் மூன்றும் கலந்தே கிடக்கும். இந்த வாரத் தண்ணீர் அடுத்த வாரம் இருக்காது.

காவிரித் தண்ணீர் ஒப்பீட்டளவில் மென்மையானது. ஆனால் குளோரின் போட்டு வரும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கும். குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதா, கீசர் காயில் அடிக்கடி போகிறதா என்று பார்த்தாலே உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும். மீதிக்குக் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதாது. தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்றுதான் அது சொல்லும், கரைந்திருப்பது எது என்று சொல்லாது.

இங்கே இரண்டு தவறுகள் ரொம்பவும் சகஜம். ஒன்று, அடுக்ககத்தில் சாஃப்ட்னர் இருப்பதால் 'நம்முடையது மென்மையான தண்ணீர்' என்று நினைத்து நியான் டெட்ரா வாங்குவது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், கீசர் பிழைக்கும். ஆனால் காரத்தன்மை அப்படியேதான் இருக்கும், தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். இறங்காது. டெட்ராவின் ஊரான அமேசான் கிளையாறுகளில் ஓடும் மென்மையான, லேசாக அமிலமான தண்ணீர் இது கிடையாது. இரண்டாவது, 'சுத்தமான தண்ணீர்தானே' என்று ஆர்.ஓ. தண்ணீரையே முழுக்க ஊற்றுவது. அதில் தாதுக்கள் கிட்டத்தட்ட இல்லை, பி.எச்.-ஐ நிலையாகப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லாததால் ஒருநாள் சட்டென்று சரிந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் குழாய்த் தண்ணீரோடு கலக்கத்தான் சரி.

கடினமான போர் தண்ணீரா? கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் அதில் சந்தோஷமாக இருக்கும். தண்ணீரோடு சண்டை போட்டு டெட்ரா வளர்ப்பதைவிட, கிடைக்கிற தண்ணீரில் தானாகவே குட்டி போடுகிற மோலியை வளர்ப்பது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. காவிரி மட்டும் வரும் வீடு என்றால் டெட்ரா, ரஸ்போரா, கௌராமி எல்லாம் யோசிக்கலாம். டேங்கரை நம்பியிருக்கும் வீட்டுக்கு எது சரி? தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தாலும் தாங்குகிற ஜீப்ரா டேனியோ மாதிரி முரட்டு மீன்கள்தான். அங்கேயும் ஒரே நேரத்தில் பாதித் தொட்டியை மாற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை கால்வாசியோ அதற்கும் குறைவோ போதும். ஆவியாகிக் குறைந்ததை நிரப்புவதைத் தண்ணீர் மாற்றுவதாகக் கணக்கு வைக்கக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். அதன் மேல் இன்னும் போர் தண்ணீரை ஊற்றினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும்.

குளோரினுக்குக் கடையில் ஆன்டி குளோரின் என்று சொட்டு மருந்து தருவார்கள். பெரும்பாலும் சோடியம் தையோசல்பேட்தான். இல்லையென்றால் பக்கெட்டில் பிடித்து ஏர் பம்பைப் போட்டு ஒரு நாள் வைத்தாலும் போதும்.

ஃபில்டர் எதை வடிகட்டுகிறது?

ஃபில்டர் வாங்கும்போது நாம் பார்ப்பது தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதா என்பதை. மீனைக் கொல்வது கண்ணுக்கே தெரியாது. மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும், மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற விடாது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்து இல்லை, தண்ணீர் மாற்றும்போது வெளியே போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஃபில்டருக்குள் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும்தான் குடியிருக்கின்றன. புதிதாக வாங்கிய ஃபில்டரில் அவை ஒன்றுகூட இருக்காது. பெருகி வருவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் மெதுவாக.

அதனால் தொட்டி வைத்த அன்றே பத்து மீன் விடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு. மீனே இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் தொட்டி தயார். நோய் இல்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள், காத்திருப்பு நன்றாகவே குறையும்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். தண்ணீரில் இருக்கும் அம்மோனியா முழுவதும் விஷமாக இருப்பதில்லை. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவான பங்குதான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது சுமார் 5 பங்கு. டெஸ்ட் கிட் காட்டும் அதே அம்மோனியா அளவு பி.எச். குறைந்த தண்ணீரில் மீனைச் சோர்வாக்கும், பி.எச். ஏறிய போர் தண்ணீரில் கொன்றுவிடலாம்.

அல்சூரில் என் சித்தி வீட்டில் ஒரு இரண்டடித் தொட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கிற கையோடு ஃபில்டர் ஸ்பாஞ்சையும் எடுத்து, குழாயடியில் பழுப்பெல்லாம் போய் வெளுக்கும்வரை கசக்குவார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

"சித்தி, அதைக் குழாய்ல கழுவாதீங்க."

"அழுக்க வெச்சுக்கிட்டா மீன் வளக்கச் சொல்ற?"

அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பழுப்பில்தான் பாக்டீரியாவும் இருக்கிறது. குழாயில் வரும் குளோரின் அதை அழித்துவிடுகிறது. தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே பக்கெட்டில் வைத்துக்கொண்டு, ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். ஓட்டம் குறைந்தால்தான் அதுவும், வாராவாரம் வேண்டாம். இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒன்றை இந்தத் தடவை, மற்றதை அடுத்த தடவை. மாதம் ஒரு முறை கார்ட்ரிஜை மாற்றச் சொல்லி டப்பாவில் அச்சடித்திருப்பது கார்ட்ரிஜ் விற்பவருக்கு நல்லது.

ராத்திரி சத்தமாக இருக்கிறது, கரண்ட் பில் ஏறும் என்று ஃபில்டரை அணைக்கும் வீடுகளும் உண்டு. 5 வாட் ஃபில்டர் மாதம் முழுக்க இரவும் பகலும் ஓடினாலும் 4 யூனிட்டைத் தொடாது. பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், ஓட்டம் நின்றால் சாக ஆரம்பிக்கும். மின்வெட்டு அதிகமான பகுதியில் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்கு இதுதான் பெரிய பலவீனம். பல மணி நேரம் நின்று கிடந்த கேனிஸ்டர், கரண்ட் வந்ததும் உள்ளே அழுகிய தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். அப்படி நின்றுபோனால் திறந்து பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள்.

முதல் தொட்டிக்கு என்னைக் கேட்டால் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். பார்க்க அழகு இல்லை, குமிழிச் சத்தம் வரும். ஆனால் விலை குறைவு, குஞ்சுகளை இழுக்காது, பேட்டரி ஏர் பம்பிலும் ஓடும். ஏர் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் நான் ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும். மோட்டார் வைத்த ஃபில்டர் வேண்டுமென்றால், மணிக்குத் தொட்டியைப் போல 4 முதல் 6 மடங்கு தண்ணீரைச் சுற்றுவதாகப் பாருங்கள். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டி சுமார் 56 லிட்டர். டப்பாவில் இருக்கும் எண் உள்ளே ஸ்பாஞ்ச் எதுவும் வைக்காமல் அளந்தது. அதனால் மணிக்கு 400 லிட்டர் என்று போட்டிருப்பதை வாங்கினால் கணக்கு சரியாக வரும். ஃபைட்டர் மீனுக்கு மட்டும் இந்த ஓட்டம் ஆகாது, நீண்ட துடுப்பை வைத்துக்கொண்டு அது எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும்.

"இது சின்னதாவேதான் இருக்கும் சார்"

இருக்காது. கடையில் விரல் நீளத்தில் இருப்பது குஞ்சு. ஆஸ்கர் ஓர் அடி வளரும். ஷார்க் என்று விற்கப்படும் வெள்ளி நிற மீன் பெரும்பாலும் பங்காசியஸ், சாப்பாட்டுக்குப் பண்ணையில் வளர்க்கும் கெளுத்தி இனம்; ஒரு மீட்டர் வரை போகக்கூடியது. 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று தலையில் கட்டப்படும் சக்கர் மீன் ஓர் அடியைத் தாண்டும், பாசியைத் தின்பதைவிட அதிகமாகக் கழிவு போடும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுவது அடுத்த தவறு. சக்கர் மீன் நம் நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, உள்ளூர் மீன்களோடு போட்டி போடுகிறது. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடை எது என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

கோல்டு ஃபிஷ் விஷயம் வேடிக்கையானது. குளிர்ந்த தண்ணீர் மீன் அது, சென்னை வெயிலைவிட பெங்களூர் வானிலை அதற்கு எவ்வளவோ மேல். ஆனால் இங்கேயும் அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் போடுகிறோம். உள்ளங்கை அளவுக்கு மேல் வளர்ந்து, எல்லாச் சின்ன மீன்களையும்விட அதிகக் கழிவு போடும் மீனுக்கு நூறு லிட்டராவது வேண்டும், ஃபில்டரும் இரட்டிப்பாக வேண்டும். வெதுவெதுப்பு கேட்கும் மீன்களோடு அதைச் சேர்க்கவும் கூடாது.

வெதுவெதுப்பு என்றதும், ஹீட்டர். சென்னையிலிருந்து குடிவந்தவர்கள் இதை மறந்துவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் இங்கே ராத்திரி வெப்பம் 15 டிகிரி பக்கம் இறங்கும். லிட்டருக்கு 1 வாட் கணக்கில் தெர்மோஸ்டாட் வைத்த ஹீட்டர் போடுங்கள், 25 டிகிரியில் வையுங்கள்.

சேர்க்கைக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். வாயில் நுழைவது எல்லாம் இரை. ஏஞ்சல் வளர்ந்ததும் நியான் டெட்ரா காணாமல் போகும். டைகர் பார்ப் நீண்ட துடுப்புகளைக் கடிக்கும். இரண்டு ஆண் ஃபைட்டர் ஒரே தொட்டியில் கூடாது. கப்பி வாங்கினால் ஆண் மட்டும் வாங்குங்கள். பெண் கப்பி ஆணின் விந்தை உடலில் சேமித்து வைத்து, தனியாக இருந்தாலும் மாதத்துக்கு ஒருமுறை குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்னாத மீன் வேண்டாம். துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மூலையில் நிற்பது, கல்லில் உரசுவது, உடம்பில் உப்பு தூவியதுபோல வெள்ளைப் புள்ளி, இதில் ஒன்று ஒரே ஒரு மீனிடம் இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்தே எதுவும் வாங்க வேண்டாம்.

சென்னைக்குப் போய்வரும்போது கொளத்தூர் மீன் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பையோடு ரயிலேறுபவர்களுக்கு ஒன்று. பத்து நிமிடத் தூரத்துக் கடையிலிருந்து கொண்டுவரும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது சரி. ஏழெட்டு மணி நேரம் கட்டிக்கிடந்த பையில் அப்படி நிதானமாகச் செய்வது ஆபத்து. மூடிய பைக்குள் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பி.எச்.-ஐ இறக்கி, சேர்ந்திருக்கும் அம்மோனியாவை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு போய் பி.எச். ஏறும், அம்மோனியா விஷமாக மாறும். அதனால் பையைத் திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமப்படுத்துங்கள். திறந்தபின் தாமதிக்காமல் வலையில் மீனை எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டுங்கள். அன்று தீனி வேண்டாம், தொட்டி விளக்கும் போட வேண்டாம். மறுநாள் காலையில் அம்மோனியாவை ஒருமுறை சோதித்துவிட்டுக் கொஞ்சமாகத் தீனி போடுங்கள்.