தடை முடிந்ததும் இறால் குவிந்தால் திட்டம் வெற்றியா?

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும் முதல் நாள் பாம்பன், மண்டபம் பக்கம் போனால் இறால் குவியலைப் படம் பிடிக்க ஒரு கூட்டமே நிற்கும். 'தடைக்குப் பலன் கிடைத்துவிட்டது' என்று அன்றைக்கே தீர்ப்பும் வந்துவிடும்.

ஒரு திட்டத்தின் பலனை அளப்பதில் முதல் தவறு இதுதான். 61 நாள் இழுவலை படாத கடலில் முதல் நாள் மீன்பாடு கூடத்தான் செய்யும். தடையே இல்லாமல் இருந்திருந்தால் அந்த வருஷம் முழுக்க எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதல்லவா கேள்வி! நடக்காததை எடை போட முடியாது என்பதால், ஒப்பிடத் தகுந்த ஆளைத் தேடுவதிலேயே பொருளியலாளருக்குப் பாதிப் பொழுது போய்விடும்.

'முந்தைய வருஷத்தோடு ஒப்பிடு' என்பார்கள். தமிழகத்தில் 45 நாளாக இருந்த தடை 61 நாளானது 2017-ல். அப்படியானால் 2016-ஐயும் 2018-ஐயும் பக்கத்தில் வைத்தால் போதுமா? 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்து ரொக்கத்தில் ஓடும் ஏலத்தைப் புரட்டிப்போட்டது. 2017 ஜூலையில் இலங்கை தன் கடலில் இழுவலைக்குத் தடைச்சட்டம் கொண்டுவந்தது. அதே மாதம் ராமேஸ்வரத்தில், இழுவலைப் படகை விட்டு ஆழ்கடல் படகுக்கு மாற மானியம் தரும் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் தொடங்கியது. வருமானம் ஏறினாலும் இறங்கினாலும் எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, ராமநாதபுரத்துக்குப் பக்கத்து மாவட்டம்? புதுக்கோட்டைக்கும் நாகைக்கும் அதே தேதியில் அதே தடை. அப்புறம் எல்லோர் கண்ணிலும் படுவது நாட்டுப்படகு. தடைக்காலத்திலும் கடலுக்குப் போகிறது, அதே கடல், அதே ஊர். எனக்கு மிகவும் பிடித்த தவறு இது. பார்வைக்கு அவ்வளவு கச்சிதம். ஆனால் விசைப்படகு கரையில் நிற்கும்போது சந்தைக்கு வரத்துக் குறைந்து நாட்டுப்படகுக்காரரின் மீனுக்கு விலை ஏறுகிறது, அவர் வலையை அறுக்கவும் ஆளில்லை. தடையே அவருக்கு லாபம். அவரை அளவுகோலாக வைத்தால் விசைப்படகுக்காரரின் நஷ்டம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஒழுங்கான ஒப்பீட்டுக்குக் கேரளத்தில் ஒரு உதாரணம் உண்டு. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் செல்போன் சேவை ஒரே நாளில் வராமல் பகுதி பகுதியாக வந்தது. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், சேவை வந்த பகுதியையும் இன்னும் வராத பகுதியையும் வாரம் வாரமாக ஒப்பிட்டார். போன் வந்த இடங்களில் மத்தி விலையில் துறைக்குத் துறை இருந்த வித்தியாசம் சுருங்கியது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. நம் திட்டங்களையும் சில ஊர்களில் முதலிலும் சில ஊர்களில் அடுத்த வருஷமும் தொடங்கலாம். எந்த ஊர் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, மானியத்தை மட்டும் பார்த்துவிட்டு மனிதரின் கணக்கை மறப்பது. ஆழ்கடல் திட்டம் 2017-ல் தொடங்கியபோது படகு விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கையிலிருந்து 10 சதவீதம். காகிதத்தில் யாரும் விடமாட்டார்கள். மூன்று வருஷத்தில் 2000 படகு என்பது அன்றைய இலக்கு. சேர்ந்தவர்களோ வெகு சிலர். விடிய விடிய இழுத்துக் காலையில் கரை சேரும் ஆளை, சூரை பிடிக்க நாள்கணக்கில் கடலில் கிடக்கச் சொன்னால் டீசல், ஐஸ், தொழில் தெரிந்த ஆட்கள் என்று எல்லாமே புதுச் செலவு. வியாபாரியிடம் வாங்கிய முன்பணமோ பழைய படகோடு கட்டிக் கிடக்கிறது. அப்படியும் சேர்ந்தவர்கள் துணிச்சலும் கைமுதலும் உள்ளவர்கள். அவர்கள் வருமானத்தைச் சேராதவர்களோடு ஒப்பிட்டு 'திட்டத்தின் பலன்' என்று சொன்னால், படகோடு சேர்த்து அந்தத் துணிச்சலையும் அளந்துவிடுகிறோம்.

சராசரியும் ஏமாற்றும். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி முங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் வருமானம், படகு முதலாளியின் வருமானத்தோடு சேர்ந்து சராசரிக்குள் காணாமல் போகும்.

திருவாடானைப் பக்கம் வளமாவூரில், கடற்பாசி வளர்ப்புக்கென்று கடற்பாசிப் பூங்கா வருகிறது. அங்கே வேலை சூடுபிடிக்கும் முன்பே இந்தப் பெண்கள் மாதம் எத்தனை நாள் கடலில் இறங்குகிறார்கள், கிலோவுக்கு என்ன கிடைக்கிறது, கடன் யாரிடம் என்று எழுதி வைக்க வேண்டும். பூங்காவின் கை எட்டாத ஊர்களிலும் அதே நோட்டு வேண்டும்.