காரை இறக்கும் ஸ்பிரிங் வாங்குமுன் ஒரு ஸ்கேலை எடுங்கள்

காரைக் கொஞ்சம் பதிக்க வேண்டும் என்று ஆசை வந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு இறங்கும்?" என்பதுதான். நான் கேட்கச் சொல்வது வேறு. இறக்கிய பிறகு ஷொக்கில், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாயில், அமுங்குவதற்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? அது தெரியாமல் வாங்கிய ஸ்பிரிங் எந்தப் பெரிய கம்பெனியுடையதாக இருந்தாலும் மட்டக்களப்புக்குப் பக்கத்துக் காத்தான்குடியில் இரண்டு வேகத்தடை தாண்டுவதற்குள் உங்கள் முதுகு உண்மையைச் சொல்லிவிடும்.

என்னுடைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு முதலில் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன், 45 மில்லிமீற்றர் இறங்கும் செட், "கம்பெனி ஷொக்கோடயே போடலாம், ஒண்டும் ஆகாது" என்று விற்றவர் சொன்னார். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய் வருவதற்குள் பின்பக்கம் டொக், டொக் என்று சத்தம். வீட்டில் ஜக் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினேன், சில்லு தொங்கியது, ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பினால் அப்படியே சுற்றுகிறது. தொங்கும் நிலையில் ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக நிற்க வேண்டும். தளர்ந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது இடம் மாறி உட்கார்ந்துவிடலாம். அன்றைக்கே கழற்றினேன். உங்கள் காரில் எந்தச் செட் போட்டாலும் வீதியில் இறக்குமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். சம தரையில் காரை நிறுத்தி, நான்கு சில்லிலும் சில்லின் நடுவிலிருந்து நேரே மேலே மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். அதன்பிறகு முன் ஷொக்கின் தூசி மறைப்பைத் தூக்கிப் பாருங்கள், பளபளவென்ற கம்பி தெரியும், அதன் மேல்நுனியில் ரப்பர் கட்டை ஒன்று மாட்டியிருக்கும், அதுதான் பம்ப் ஸ்டொப். கம்பியில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, மெதுவாக நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஷொக் உடம்பின் வாயோடு ஒட்டி வைத்துவிடுங்கள். இனி வழக்கமாக ஓடும் பாதையில் வழக்கமான ஆட்களோடு ஓடுங்கள், நான் என்றால் கல்முனை வரை போவேன், பாடசாலை வாசல் தடைகளும் மழைக்குப் பிறகு உடைந்த ஓரங்களும் எல்லாம் அதற்குள் வந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் ஷொக் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு உயரத்துக்கு அந்த டை தள்ளப்பட்டு நிற்கும். அதற்கும் பம்ப் ஸ்டொப்புக்கும் இடையில் மிஞ்சியிருப்பதுதான் உங்கள் கைச்செலவுக்கு உள்ள காசு.

உதாரணத்துக்கு, கார் சும்மா நிற்கும்போது ஷொக் வாயிலிருந்து ரப்பர் வரை 60 மில்லிமீற்றர் இருக்கிறது, ஓட்டத்தில் 40 செலவானது என்று வையுங்கள். 25 இறக்கினால் கையில் 35 இருக்கும், ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதால் அதே தடைக்கு 40க்குப் பதிலாக 32, 33 போதும், சமாளித்துவிடலாம். 45 இறக்கினால் 15தான், ஒவ்வொரு தடையிலும் ரப்பரில் போய் இடிக்கும். ரப்பரை மெல்லத் தொடுவதில் பிழையில்லை, பல கார்களை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நசுங்கி முடிந்து இரும்போடு இரும்பு அடிப்பதுதான் கூடாது.

அதனால் நம் பக்கத்து வீதிக்கு என் கணக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர். முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உள்ள காராக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. சில்லைக் கார் உடம்போடு கீழே இணைக்கும் லோவர் ஆர்மைப் பாருங்கள், வெளிநுனி உள்நுனியைவிடக் கீழே இருக்கும் அல்லது தரைக்குச் சமமாக இருக்கும். நன்றாக இறக்கினால் வெளிநுனி மேலே போய்விடும், அப்போது கார் தாழ்ந்து நின்றாலும் வளைவில் சாயும் போக்கு கூடும், காசு கொடுத்து வாங்கிய இறுக்கம் அதிலேயே போய்விடும்.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஜப்பான் கம்பெனிகள் கிலோ/மில்லிமீற்றர் என்றும், ஐரோப்பியர் பெரும்பாலும் நியூட்டன்/மில்லிமீற்றர் என்றும் எழுதுவார்கள், 1 கிலோ என்பது ஏறக்குறைய 9.8 நியூட்டன். 2.5 கிலோ ஸ்பிரிங்கை 10 மில்லிமீற்றர் அமுக்க 25 கிலோ வேண்டும், 3.2 கிலோ ஸ்பிரிங்குக்கு 32. அசல் ஷொக்கை வைத்துக்கொண்டு ஓடுவதென்றால் அசலைவிட நாலில் ஒரு பங்கு கூடினால் எனக்குப் போதும். அதற்கு மேலே போனால் ஷொக்கால் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்த முடியாது, தடை தாண்டிய பிறகும் கார் இரண்டு மூன்று தடவை ஆடும். ஷொக் ஏற்கெனவே 80,000, 90,000 கிலோமீற்றர் ஓடியதென்றால் முதலில் அதை மாற்றுங்கள். எண்ணெய் கசியும் ஷொக்கில் புது ஸ்பிரிங் போடுவது வீண் செலவு.

எய்பாக் கம்பெனியின் ப்ரோ கிட் போன்ற ஸ்பிரிங்குகள் போகப்போக இறுகும் வகை, சில சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். சின்னக் குலுக்கலுக்கு மெதுவாக, பெரிய அமுக்கத்துக்கு இறுக்கமாக நிற்கும், குடும்பத்தோடு ஓடும் காருக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரே இறுக்கமுள்ளது வளைவில் தெளிவாகப் பேசும், ஆனால் சம்மாந்துறையிலிருந்து டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும் பின்னால் ஆட்களும் ஏற்றி வருகிறவர் பின் ஸ்பிரிங்கை யோசித்து எடுக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள், நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பெயின்ட் போகும், கடற்காற்றில் துரு அங்கே தொடங்கும், ஸ்பிரிங் அங்கிருந்து உடையவும் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவி, லைட் அடித்துப் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய செட் மலிவு. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, காரின் மாடலைக் குறிக்கும் செசி கோட் ஒத்துப்போக வேண்டும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டிலேயே ZC31S, ZC32S, ZC33S மூன்றும் வேறு வேறு கார்கள். ஸ்பிரிங்கில் பார்ட் நம்பர் அழிந்திருந்தால் நான் தொடவே மாட்டேன். அசல் ஸ்பிரிங்கை வெட்டுவது, சூடாக்கி இறக்குவது இரண்டும் வேண்டாம். வெட்டினால் நுனி இருக்கையில் சரியாக உட்காராது, சூடாக்கினால் இரும்பின் பதமே போய்விடும்.

போடும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்ற விடாதீர்கள், உயிர் போகும் வேலை அது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் சில்லில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். கராஜில் பக்கத்தில் நின்று கேட்டால் மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

அன்றைக்கே டோவை, அதாவது சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தை, சரிபார்த்துவிட்டு, இருநூறு முந்நூறு கிலோமீற்றர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் முழு வீல் எலைன்மென்ட் செய்யுங்கள், டயரின் உள்ஓரத்தைத் தின்பது பெரும்பாலும் டோதான். ஹெட்லைட் வெளிச்சம் விழும் உயரத்தையும் பாருங்கள். அப்புறம் முன்பு அளவு எழுதி வைத்த துண்டை எடுத்து நான்கு சில்லிலும் மறுபடி அளந்து பாருங்கள். இடது வலது 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால், முன்பு எழுதியதிலும் அந்த வித்தியாசம் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை, அந்தப் பக்கத்தைத் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள்.